கோல் வாசலில் பன்னிரண்டு பேர்

இரண்டு வருடங்களுக்கு முந்திய செப்டெம்பர் மாதம், முதலாவது சனிக்கிழமை. காலை ஒன்பதரை மணி தாண்டியிருக்கும். கல்முனையிலிருந்து மேற்கே, கிட்டங்கிப் பாலத்தைக் கடந்து போனால் வரும் சவளக்கடைப் பக்கத்து மைதானம் ஒன்றில் அது நடந்தது. இப்போதும் நூலகத்தில் ஆட்கள் அமைதியாகப் படித்துக்கொண்டிருக்கும்போது அது ஞாபகம் வந்தால் நான் எழுந்து வெளியே போய்ச் சிரித்துவிட்டுத்தான் உள்ளே வருவேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எனக்கு உதைபந்து விளையாடத் தெரியாது. நூலகம் ஒன்றில் வேலை செய்கிறேன். எங்கள் ஊர் விளையாட்டுக் கழகத்துக்கு நான் ஆட்டக் குறிப்பு எழுதுகிறவன். எந்த நாள், எந்த மைதானம், யார் எத்தனையாவது நிமிடத்தில் கோல் அடித்தார், மழை பெய்ததா என்பதையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதி வைப்பது என் பழக்கம். அந்த வருடம் மார்ச் மாதத்தில், எட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைப் பழக்கிக்கொண்டிருந்தவருக்குக் கட்டாரில் வேலை கிடைத்தது. போகும்போது விசிலை என் கையில் வைத்து, “இரண்டு கிழமைக்குப் பாத்துக்கங்க காக்கா, மறுகா ஆள் கிடைக்கும்” என்று ஒரு தம்பியின் உரிமையோடு சொல்லிவிட்டுப் போனார். ஆள் கிடைக்கவில்லை.

வீட்டில் மனைவிதான் முதலில் சிரித்தா. “பந்து உருண்டு வந்தா ஒதுங்கி நிக்கிற ஆள், நீங்களா சேர்?” என்றா.

அவ சொன்னது உண்மைதான். அதனால் நான் எனக்குத் தெரிந்த வழியில் இறங்கினேன். சிறு பிள்ளைகளுக்கு உதைபந்து பழக்குவது பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடி வாசித்தேன். கட்டம் போட்டேன், அம்புக்குறி வரைந்தேன். கடற்கரையில் வீடுகள் முடிந்து மணல் இறுகிக் கிடக்கும் ஓரிடம்தான் எங்கள் மைதானம். சனியும் ஞாயிறும் காலை ஏழு மணிக்குத் தொடங்கினால் ஒன்பதுக்கு முன் முடிக்க வேண்டும். ஒன்பதுக்குப் பிள்ளைகள் குர்ஆன் ஓதப் போக வேண்டும். மொத்தம் பதினொரு பிள்ளைகள். ஆட்டத்துக்கு ஏழு பேர், மிச்சம் நாலு பேர் மாற்று ஆட்கள். கோல் காப்பது ஏழு வயதுப் பெண் பிள்ளை ஒன்று. எல்லோரிலும் அவளுக்குத்தான் பந்தைப் பார்த்துப் பயமில்லை.

சின்னப் பிள்ளைகளின் உதைபந்தாட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பந்து எங்கேயோ எல்லோரும் அங்கே. சீனியில் எறும்பு மொய்த்ததுபோல ஒரு கூட்டம் மைதானத்தில் நகர்ந்து திரியும். நடுவில் எங்கோ பந்து இருக்கும். நீ இடப்பக்கம், நீ வலப்பக்கம் என்று நான் சொல்வேன், எல்லோரும் “ஓம் சேர்” என்பார்கள். விசில் ஊதி மூன்று விநாடியில் மறுபடி எறும்புக் கூட்டம்தான். மணலில் தேங்காய் மட்டைகளை வரிசையாக வைத்து, இதைத் தாண்டக் கூடாது என்றேன். மட்டைகளையும் சேர்த்து உதைத்துக்கொண்டு போனார்கள்.

இதற்கிடையே இன்னொரு தொல்லையும் இருந்தது. நாங்கள் விளையாடும் இடத்துக்குப் பக்கத்தில்தான் கரைவலை இழுப்பார்கள். தோணியில் வலையைக் கொண்டுபோய்க் கடலில் வளைத்துப் போட்டுவிட்டு, வலையின் இரண்டு முனைக் கயிறுகளையும் கரையில் நின்று இரண்டு கூட்டமாக இழுப்பது கரைவலை. வலை வருகிறது என்று தெரிந்தால் போதும், என் பிள்ளைகள் பந்தைப் போட்டுவிட்டுக் கயிற்றுக்கு ஓடிவிடுவார்கள். பாதிப் பேரின் வாப்பாமார் அந்தக் கயிற்றில்தான் இருப்பார்கள். இழுத்துக் கொடுத்த பிள்ளைக்கு ஒரு சிறங்கை நெத்தலியோ சூடை மீனோ கிடைக்கும். நான் விசிலோடு தனியாக நிற்பேன். பயிற்சி எத்தனை மணிக்கு நின்றது என்று கொப்பியில் எழுதுவேன். வேறென்ன செய்ய?

ஓகஸ்ட் தொடக்கத்துக்குள் நாலு ஆட்டங்கள் ஆடி நாலிலும் தோற்றோம். வாங்கிய கோல் பத்தொன்பது. அடித்தது ஒன்றுமில்லை.

நாலாவது ஆட்டத்துக்கு மறுநாள் பிள்ளைகளின் உம்மா வாப்பாமார் கூடிக் கதைத்தார்கள். அவர்களில் ஒருவர் பள்ளிக்கூட ஆசிரியை. எங்கள் அணியில் முன்பல் இரண்டும் விழுந்த ஒரு வாயாடி இருந்தான், அவனுடைய உம்மா. ஊரில் எல்லோரும் மதிக்கிற டீச்சர். புலமைப்பரிசில் பரீட்சைக்கு இப்போதிருந்தே அடித்தளம் போட வேண்டும், சனி ஞாயிறு காலை ஏழு மணிக்குத் தன் வீட்டில் வகுப்பு வைக்கிறேன் என்று அவர் சொல்ல, மற்றவர்களும் தலையாட்டினார்கள். காலை ஏழு மணி என்றால் எங்கள் அணி முடிந்தது என்று அர்த்தம். என் முகத்தைப் பார்த்து டீச்சருக்கே பாவமாகிவிட்டது போலும்.

“சேர், கோவிச்சுக்காதீங்க. நாலு மட்ச் பாத்துட்டம். புள்ளயள் ஓடுற, விழுற, வாற. ஒரு கோல் இல்ல. வெயில்ல காயிறதுதான் மிச்சம்” என்றார்.

“செப்டெம்பர்ல ஒரு ஆட்டம் ஒப்புக்கொண்டிருக்கம் டீச்சர். சவளக்கடைப் பக்கத்துப் பிள்ளைகளோட.”

அவர் கொஞ்சம் யோசித்தார். “சரி, அதையும் ஆடுங்க. அதுல இந்தப் புள்ளயள் ஒரு கோல், ஒரே ஒரு கோல் அடிக்கட்டும். நான் வகுப்ப பின்னேரத்துக்கு மாத்துறன். இல்லாட்டி ஏழு மணிக்கு வகுப்புத்தான். சரிதானே?”

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் டீச்சர் சொன்னால் சொன்னதுதான் என்பது எல்லோருக்கும் தெரியும். வெல்லக்கூடத் தேவையில்லை, ஒரு கோல் போதும். பிள்ளைகளிடம் இதைச் சொல்லக் கூடாது என்று நான் கேட்டுக்கொண்டேன். அடுத்த சனிக்கிழமை பயிற்சிக்கு வந்தபோது பதினொரு பேருக்கும் விசயம் தெரிந்திருந்தது. வாயாடி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறான்.

“சேர், ஒரு கோல்தானே? நான் ரெண்டு அடிக்கிறன்” என்றான்.

“நீ இதுவரைக்கும் எத்தின அடிச்ச?” என்று கேட்டாள் கோல் காக்கும் பிள்ளை.

“நீ எத்தின விட்ட?”

“பத்தொம்பது. சேர்ட கொப்பியில இருக்கு. உன்ட பேருக்கு நேர ஒண்டும் இல்ல.”

அந்த ஞாயிற்றுக்கிழமை பயிற்சி தொடங்கி அரை மணித்தியாலம் ஆகவில்லை, வலை வந்துவிட்டது. பந்து மணலில் கிடந்தது. எனக்கு உண்மையிலேயே கோபம். கூப்பிட்டுக்கொண்டு வருவோம் என்று கயிற்றுப் பக்கம் போனேன். போனவன் அப்படியே நின்றுவிட்டேன்.

வடக்குக் கயிற்றில் என் பிள்ளைகள் ஆறு பேர். தெற்குக் கயிற்றில் ஐந்து பேர். பெரிய ஆட்களுக்கு இடையில் ஒவ்வொருவரும் தன் தன் இடத்தில், ஒருவரை ஒருவர் இடிக்காமல், ஒரே இடைவெளியில் பின்னோக்கி நடந்துகொண்டிருந்தார்கள். கயிற்றின் கடைசிக்கு வந்தவன் கையை விட்டுவிட்டு, யாரும் சொல்லாமலே தண்ணீர்ப் பக்கம் ஓடிப்போய் முன்னால் பிடித்துக்கொண்டான். ஐந்து மாதமாக என்னால் செய்விக்க முடியாததை, என்னைத் திரும்பியும் பார்க்காமல் செய்துகொண்டிருந்தார்கள்.

வாயாடியின் பக்கத்தில் போய்க் கேட்டேன். “ஏன் மகன் நீங்க எல்லாரும் ஒரே கயித்துக்குப் போகல்ல?”

இப்படியும் ஒரு ஆள் கேட்பாரா என்பதுபோல அவன் என்னைப் பார்த்தான். “எல்லாரும் ஒரு கயித்த இழுத்தா வலை சரிஞ்சிரும் சேர். மீன் மத்தப் பக்கத்தால ஓடிரும். இது கூடத் தெரியாதா?”

அன்று வீட்டுக்குப் போய் வாசித்துக்கொண்டிருந்த புத்தகங்களை மூடி வைத்தேன். அடுத்த சனிக்கிழமை பிள்ளைகளை மணலில் உட்கார வைத்துப் புதிதாகச் சொன்னேன். இந்தப் பக்கம் ஓடுகிறவர்கள் வடக்குக் கயிறு. அந்தப் பக்கம் தெற்குக் கயிறு. பந்துதான் மீன். எல்லோரும் ஒரு கயிற்றுக்குப் போனால் மீன் ஓடிவிடும். எங்கள் கோல்தான் வாடி, கரையில் மீன் வைக்கிற குடிசை. பிடித்த மீனை யாரும் தூக்கிக்கொண்டு போகாமல் காக்க வேண்டும். எதிர்ப்பக்கத்துக் கோல்தான் மடி.

மடி என்பது வலையின் நடுவிலுள்ள பை. மீனெல்லாம் கடைசியில் அதற்குள்தான் வந்து சேரும்.

பிள்ளைகளுக்கு அதற்குமேல் ஒரு சொல் தேவைப்படவில்லை. நம்புவதற்குக் கஷ்டமாக இருக்கும். அன்றைக்கே பரந்து நின்று விளையாடினார்கள். ஒருவன் நடுவுக்கு ஓடினால் மற்றவன் கத்தினான்: “டேய், கயித்த விட்டுட்டுப் போறாய்டா, பிடிடா கயித்த!” நான் விசில் ஊத வேண்டிய தேவையே இல்லாமல் போனது. மூன்று கிழமை இப்படிப் போனது. எனக்குள் ஒரு பெருமை வளர்ந்துகொண்டிருந்ததையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இதை ஒரு கட்டுரையாக எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பலாம் என்றுகூடத் தலைப்பு யோசித்து வைத்திருந்தேன்.

ஆட்ட நாளான அந்தச் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வான் ஒன்றில் புறப்பட்டோம். பதினொரு பிள்ளைகள், ஏழெட்டு உம்மாமார், நான். பச்சை நிறச் சட்டைகள் புதிதாகத் தைத்தவை. வளர்கிற பிள்ளைகள் என்று தையல்காரர் தாராளமாகத் தைத்திருந்ததால் எல்லோருக்கும் முழங்கால் வரை தொங்கியது. கிட்டங்கிப் பாலத்தைக் கடக்கும்போது ஆற்றுவாழை பூத்துக் கிடந்தது. அதற்கப்பால் அறுவடை நடந்துகொண்டிருந்தது. வயல்களில் கொக்குகள். வாயாடி யன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, “நாங்க ஒரு கோல் அடிக்கப் போறம்!” என்று வயலில் நின்ற எல்லோருக்கும் அறிவித்துக்கொண்டு வந்தான். அவன் உம்மா சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தார்.

அங்கே எங்களை வரவேற்றவர் அந்தப் பிள்ளைகளைப் பழக்குகிறவர், வயல் செய்கிறவர். அறுவடைக் காலம் என்பதால் நேரே வயலிலிருந்து வந்திருந்தார். தலைமயிரில் வைக்கோல் துரும்பு ஒட்டியிருந்தது. “வாங்க சேர், வாங்க. எங்கட புள்ளைகள் விடியக்காலமையே வந்து நிக்கிறாங்க” என்றார். நடுவராக அந்த ஊர் இளைஞர் ஒருவர். ஒரு பாதிக்குப் பதினைந்து நிமிடங்கள்.

எங்கள் பிள்ளைகளுக்கு மண் தரை புதிது. மணலில் உதைத்த பந்து உதைத்த இடத்திலேயே நிற்கும். இங்கே தொட்டால் பறந்தது. இருந்தாலும் கயிற்றை யாரும் விடவில்லை. இந்தப் பக்கம் மூன்று பேர், அந்தப் பக்கம் மூன்று பேர். அன்று எறும்புக் கூட்டமாக ஓடியவர்கள் அந்த ஊர்ப் பிள்ளைகள். எங்கள் உம்மாமார் ஆளை ஆள் பார்த்துக்கொண்டார்கள். “இது எங்கட புள்ளயள்தானா?” என்று ஒருவர் கேட்டது என் காதில் விழுந்தது. ஆனால் எறும்புக் கூட்டத்துக்கும் ஒரு பலம் இருக்கிறது. பதினோராவது நிமிடத்தில் அந்தக் கூட்டம் அப்படியே உருண்டு வந்து பந்தோடு சேர்ந்து எங்கள் கோலுக்குள் போய் விழுந்தது. எங்கள் கோல் காப்பாளர் அடியில் கிடந்தாள். எழுந்து தூசைத் தட்டிவிட்டு, “இருவது” என்றாள்.

இரண்டாம் பாதியில் பக்கங்களை மாற்றினோம். உம்மாமார் வெயிலுக்கு ஒதுங்கி நின்ற வேப்பமரம், இப்போது நாங்கள் கோல் அடிக்க வேண்டிய பக்கத்தில் இருந்தது. டீச்சர் கோல் கம்பத்துக்கு நாலைந்து அடி தள்ளிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நிமிடங்கள் ஓடின. ஐந்து, எட்டு, பத்து. பந்து அங்கே போகும், திரும்பி வரும். என் கைக் கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்த முடியவில்லை. அடுத்த சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அந்த மணலில் யாரும் இருக்க மாட்டார்கள் என்று மனம் சொல்லிக்கொண்டே இருந்தது.

பன்னிரண்டாவது நிமிடம். தெற்குக் கயிற்றில் வாயாடியிடம் பந்து கிடைத்தது. ஓடினான். அவனுக்கு முன்னால் யாருமில்லை, எல்லோரும் மற்றப் பக்கத்தில் மொய்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் உதைத்த உதை கோலுக்கு என்றுதான் நினைக்கிறேன், ஆனால் பந்து குறுக்கே போய்க் கோல் வாசலுக்கு நேரே, மூன்றடி தூரத்தில் நின்றது. அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது. எந்தப் பிள்ளை கத்தியது என்று இன்றுவரை தெரியாது.

“மடி வந்திட்டு!”

கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு மிச்சத்தை நான் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கயிறு இழுக்கும் வரைதான் வடக்கு, தெற்கு, இடைவெளி எல்லாம். மடி கரையைத் தொட்டால் ஒருவரும் கயிற்றில் நிற்க மாட்டார்கள். வடக்கில் நின்றவர், தெற்கில் நின்றவர், வாடியில் குந்தியிருந்தவர், தோணிக்காரர், மீன் வாங்க வந்தவர், சும்மா பார்க்க வந்தவர், ஊர் நாய்கள் எல்லாம் ஒரே ஓட்டமாக மடிக்குத்தான் ஓடும். அந்தக் கடற்கரையில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் அதை யாரும் பழக்கியதில்லை. ஒவ்வொரு கிழமையும் என் கண்ணுக்கு முன்னால் நடந்ததுதான். கட்டுரைத் தலைப்பு வரை யோசித்த எனக்கு அது மட்டும் ஞாபகம் வரவில்லை.

ஆறு பேரும் ஓடினார்கள். எங்கள் கோலை வெறுமனே விட்டுவிட்டு, கோல் காப்பாளரும் மைதானத்தின் முழு நீளத்துக்கும் சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். என் பக்கத்தில் குந்தியிருந்த நாலு மாற்று ஆட்களும் எழுந்து ஓடினார்கள். பிடிப்பதற்குக் கையை நீட்டினேன், ஒரு சட்டை நுனி மட்டும் கையில் பட்டு நழுவியது. எல்லோரும் ஒரே நேரத்தில் பந்தின் மேல் போய் விழுந்தார்கள். தூசி எழும்பியது. தூசி அடங்கியபோது பந்து கோலுக்குள் கிடந்தது. அதன் மேல் எங்கள் பிள்ளைகள், அந்த ஊர்ப் பிள்ளைகள், ஒரு செருப்பு. வாயாடி அடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்து, பெரிய பாரை மீனைத் தூக்குவதுபோலப் பந்தை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கினான்.

“கோல்!”

அந்தக் கூச்சலை எழுதிக் காட்ட எனக்கு வராது. உம்மாமாரும் கத்தினார்கள். நடுவர் விசிலை வாயில் வைத்தபடி என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். பிறகு என்னிடம் நடந்து வந்தார்.

“சேர், உங்கட ஆக்கள் எத்தின பேர் உள்ள நிண்ட?”

அவருக்கே தெரியும். ஆனாலும் மரியாதைக்குக் கேட்டார். ஏழு என்று சொல்ல என் நாக்கு ஒரு கணம் ஆயத்தமானது. பொய் சொன்னால் ஒரு அணி மிஞ்சும். ஆனால் பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கு எண்ணத் தெரியும்.

“பதினொண்டு” என்றேன்.

அந்த ஊர்ப் பயிற்சியாளர் சிரித்துக்கொண்டே ஓடி வந்தார். “தம்பி, குடுத்திடு. சின்னப் புள்ளைகள்தானே, எவ்வளவு சந்தோசமா நிக்கிறாங்க பாரு. எங்களுக்கு ஒண்டும் குறையப் போறதில்ல. ஒண்டுக்கு ஒண்டு எண்டு முடிப்பம்” என்றார். அவருக்கு எங்கள் கதை எதுவும் தெரியாது. எங்கள் அணியின் ஆயுள் அந்தக் கோலில் தொங்குகிறது என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. கேட்காமலே கொடுத்தார்.

நடுவர் என்னைப் பார்த்தார். “சேர் சொல்றதுதான்” என்றார்.

நான் டீச்சரைத் தேடினேன். நிபந்தனை போட்டவர் அவர், அவர் சம்மதித்தால் ஏற்றுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். வேப்பமரத்தடியில் அவர் இல்லை. மற்ற உம்மாமார் மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார்கள். பிறகுதான் பார்த்தேன். அவர் கோல் வாசலுக்குள்ளேயே, கம்பத்துக்கு இந்தப் பக்கம், அபாயா அங்கியின் கரையை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி நின்றார். ஒரு காலில் செருப்பு இல்லை. அந்தக் குவியலில் கிடந்த செருப்பு அவருடையது.

வகுப்பில் பிள்ளை கையைத் தூக்குவதுபோல டீச்சர் கையைத் தூக்கினார்.

“பன்னிரண்டு” என்றார். “நானும் உள்ளுக்குத்தான் நிண்ட.”

எல்லோரும் அந்தச் செருப்பில்லாத காலைப் பார்த்தார்கள்.

“எப்படி வந்த எண்டு எனக்கே தெரியா” என்றார் டீச்சர். முகம் சிவந்துபோயிருந்தது. “எங்கட வாப்பாவும் கரைவலைதான். மடி வந்திட்டெண்டு கேட்டாப்பொறகு நிக்க ஏலல்ல. அந்தக் கோல் சரிவராது தம்பி. குடுக்க வேணாம்.”

நடுவர் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். தோள் இரண்டும் குலுங்கின. அந்த ஊர்ப் பயிற்சியாளர் மைதானத்திலேயே குந்திவிட்டார், அவருக்கு நின்று சிரிக்க முடியவில்லை. கோல் இல்லை.

வாயாடி என்னிடம் வந்தான். பந்து இன்னும் அவன் கையில் இருந்தது. அழவில்லை. ஆனால் உண்மையாகவே விளங்காமல் கேட்டான். “சேர், மடி வந்தா எல்லாரும் ஓடத்தானே வேணும்? நீங்கதானே மடி எண்டு சொன்ன?”

நான்தான் சொன்னேன். கயிற்றை மட்டும் எடுத்துக்கொண்டு மடியை விட்டுவிடலாம் என்று நினைத்தது என் பிழை. அவர்களிடம் இரவல் வாங்கியதை நான் பாதிதான் விளங்கியிருந்தேன். “ஓம் மகன், பிழை என்னிலதான்” என்றேன். என்னோடு படித்த ஆட்களிடம் சொல்லக் கஷ்டமாயிருக்கும் ஒரு வசனம், அவனிடம் சொல்ல அவ்வளவு இலேசாக வந்தது. அவன் யோசித்துவிட்டு, “பரவால்ல சேர்” என்று என் கையைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனான்.

மிச்ச நிமிடங்களில் வேறொன்றும் நடக்கவில்லை. ஒன்றுக்குப் பூச்சியம். ஐந்தாவது தோல்வி.

விசில் ஊதிய பிறகுதான் அந்த ஊர்ப் பிள்ளைகள் எங்கள் கோல் காப்பாளரைச் சூழ்ந்துகொண்டார்கள். “மடி எண்டா என்ன?” என்று கேட்டார்கள். அவள் ஒரு குச்சியால் தரையில் கடலும் வலையும் கயிறும் கீறி விளக்கினாள். கேட்டு முடித்ததும் அவர்களுக்கும் அது வேண்டுமென்றாகிவிட்டது. இரண்டு அணியும் கலந்து, நடுவர் இல்லாமல், எண்ணிக்கை இல்லாமல், ஒரு விளையாட்டு தொடங்கியது. கொஞ்ச நேரம் எல்லோரும் கயிறு பிடிப்பதுபோல நடப்பார்கள். யாராவது “மடி வந்திட்டு!” என்று கத்துவான். இருபதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் ஒரே கோலுக்குள் போய் விழுவார்கள். எழும்பி, மற்றக் கோலுக்கு ஓடுவார்கள். முக்கால் மணித்தியாலத்துக்கு மேல் இது நடந்தது. அந்த ஊர்க்காரர்கள் வத்தகைப் பழம் வெட்டி வைத்துக் கூப்பிட்டும் ஒருவரும் வரவில்லை. பெரியவர்கள் நாங்கள்தான் நிழலில் இருந்து தின்றோம்.

திரும்பி வரும்போது வானில் பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து தூங்கிவிட்டார்கள். எனக்கு முன் இருக்கையில் டீச்சர். வகுப்பைப் பற்றிக் கேட்டால் கெஞ்சுவதுபோல ஆகிவிடும் என்று நான் கொப்பியை விரித்து அன்றைய ஆட்டத்தை எழுதினேன். பின்னாலிருந்து ஒரு உம்மா, “சேர், அடுத்த முறை டீச்சருக்கும் ஒரு பச்சைச் சட்டை தெச்சுக் குடுங்க. பன்னிரண்டாம் நம்பர்” என்றா. வான் முழுக்கச் சிரிப்பு. டீச்சர் திரும்பிப் பார்க்காமல், “பெரிய சைஸாத் தெக்கச் சொல்லுங்க” என்றார்.

கிட்டங்கிப் பாலம் தாண்டியதும் அவராகவே சொன்னார். “சேர், வகுப்பு பின்னேரம் மூணு மணிக்கு.”

“கோல் இல்லையே டீச்சர்” என்றேன். எனக்கு அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியவில்லை.

“கோலைக் கெடுத்ததுல எனக்கும் பங்கிருக்கு. என்ட பிழைக்குப் புள்ளயளுக்குத் தண்டனை குடுக்கேலுமா?” என்றார். கொஞ்சம் பொறுத்து, சத்தம் தாழ்த்திச் சொன்னார். “நான் கலியாணம் முடிச்சாப்பொறகு ஒருநாளும் அப்படி ஓடினதில்ல சேர். இன்டைக்குத்தான் ஓடின.”

எங்கள் முதலாவது கோல் அதற்கடுத்த மாதம் வந்தது. அடித்தது யார் என்பதில் மூன்று பேருக்குள் இன்னும் தகராறு தீரவில்லை. இப்போது கோல் காப்பாளர் வாடியை விட்டு வருவதில்லை, மாற்று ஆட்கள் கோட்டைத் தாண்டுவதில்லை. அவ்வளவு ஒழுங்கு வந்திருக்கிறது. அதற்குமேல் கொண்டுவர எனக்கு ஆசையில்லை. எதிர்க் கோலுக்குப் பக்கத்தில் பந்து போனால் மற்ற ஆறு பேரும் ஒரே கூட்டமாக ஓடுவதை நான் தடுப்பதில்லை. எங்களோடு ஆட வருகிற பயிற்சியாளர்கள் சிலர் அதைப் பார்த்து, இது பிழை, இடத்தில் நிற்கப் பழக்குங்கள் என்று எனக்கு அன்போடு எடுத்துச் சொல்கிறார்கள். நான் ஓம் ஓம் என்று கேட்டுக்கொள்கிறேன். இடத்தில் நிற்க அந்தப் பிள்ளைகள் எப்படியும் பழகிவிடுவார்கள், வளர வளர எல்லோரும் அவர்களுக்கு அதைத்தான் சொல்லப் போகிறார்கள். தாங்கள் நின்ற இடத்தை மறந்து ஒரு சந்தோசத்தை நோக்கி எல்லோரும் சேர்ந்து ஓடுவதை மட்டும் என் கையால் அவர்களிடமிருந்து எடுத்துவிடக் கூடாது என்பதில்தான் நான் இப்போது கவனமாக இருக்கிறேன்.